தசமத்தில் சேதாரம்

0.916 என்று எழுதியதற்காக என் மகளுக்கு அரை மதிப்பெண் போயிற்று. வீட்டுப்பாடக் கேள்வி இதுதான்: 22/24 என்ற பின்னத்தைத் தசம எண்ணாக மாற்றி, மூன்று தசம இடத் திருத்தமாக எழுதி, சதவீதமாகவும் சொல்லுக. வகுத்துப் பார்த்தால் 0.91666 என்று ஆறு மேல் ஆறாகப் போய்க்கொண்டே இருக்கும். நான்காம் இடத்தில் நிற்பது 6. அது 5-ஐவிடப் பெரியது. ஆகவே மூன்றாம் இடத்தில் ஒன்றைக் கூட்டி 0.917. அதாவது 91.7 சதவீதம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். டீச்சர் போட்ட சிவப்பு வட்டத்தில் தப்பே இல்லை. வட்டத்துக்குக் கீழே, "முழுதாக்கத் தெரியவில்லை. ஐந்து முறை எழுதி வரவும்" என்று ஒரு குறிப்பு. ஐந்து முறை எழுதினால் ஆறு ஏழாகிவிடும் என்பது நம் பள்ளிக்கூடங்களின் பழைய நம்பிக்கை.

"ஏன் பாப்பா 916-னு போட்டே?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் அம்மாவின் கழுத்தைக் காட்டினாள்.

சங்கிலியின் கொக்கியோரம், பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரிகிற அளவில் குத்தியிருக்கிறது: 22கே916. பக்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரை. 24 பங்கில் 22 பங்கு தங்கம், மிச்சம் கலப்பு. 22-ஐ 24-ஆல் வகுத்து, நான்காம் இடத்து ஆறைக் கண்டுகொள்ளாமல் கத்தரித்து, 916. கேள்வி அதே கேள்வி, விடையும் அதே விடை. அரசாங்கம் எழுதினால் முத்திரை, என் பிள்ளை எழுதினால் இம்போசிஷன்.

இதோடு விட்டார்களா? 14 காரட்டுக்கு வாருங்கள். 14-ஐ 24-ஆல் வகுத்தால் 0.58333. நான்காம் இடத்தில் 3. ஏழாம் வகுப்பு விதிப்படி அதை உதறிவிட்டு 583 என்று நிற்க வேண்டும். நகையில் குத்துவதோ 585. மேலே ஏற வேண்டியது கீழே நிற்கிறது, கீழே நிற்க வேண்டியது இரண்டு படி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. 20 காரட்டுக்கு 833 என்று இருப்பது சரியான விடை. அந்தக் காரட்டில் நம் ஊரில் நகை கேட்பவர்தான் அரிது. விவரம் தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள்: இது முழுதாக்கல் கணக்கே அல்ல, ஆயிரம் பங்கில் இத்தனைக்குக் குறையக்கூடாது என்று வகுத்த தர அளவு என்று. ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்கள் செய்தால் அதற்குத் தர அளவு என்று பெயர். ஏழாம் வகுப்பில் அதற்குக் கவனக்குறைவு என்று பெயர்.

ஒரு பவுனுக்கு இந்தக் கத்தரிப்பில் விழுவது ஐந்து மில்லிகிராம் சொச்சம். அதற்காகவா இத்தனை கோபம் என்பீர்கள். இல்லை. அந்த ஐந்து மில்லிகிராமைப் பெரிய மனசோடு விட்டுக்கொடுக்கலாம். என் கோபம் கடைக்குள் நுழைந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

நகைக்கடைத் தராசு மூன்று தசம இடம் காட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும், மின்விசிறிக் காற்றுக்கூட அதன்மேல் படக்கூடாது. 8.000 கிராம் என்று மூன்று சுழியும் ஒளிர்வதைப் பார்க்கிறபோது மனிதகுலத்தின் நேர்மைமேல் நம்பிக்கை வரும். வந்த கையோடு விற்பனையாளர் கால்குலேட்டரை எடுத்து 16 சதவீதம் சேதாரம் என்று தட்டுவார். அதாவது 1.280 கிராம். எந்தத் தங்கம் சேதமானது, எங்கே சிந்தியது, யார் கூட்டி அள்ளினார்கள் என்று கேட்கக்கூடாது. வீட்டுக்கு வராத தங்கத்துக்கு, வந்த தங்கத்தின் விலை. அந்த இரண்டையும் கூட்டிய தொகைமேல் மூன்று சதவீதம் ஜிஎஸ்டி. இல்லாத பொருளுக்கும் வரி கட்டுகிற பெருமை நமக்கு உண்டு. நாலு வருஷம் கழித்து அதே சங்கிலியை விற்கப் போங்கள், அந்த 1.280-ஐப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். தராசு மட்டும் அன்றைக்கும் மூன்று தசம இடம் காட்டும்.

வாசலில் ஆளுயரப் பலகை: சேதாரத்தில் 25 சதவீதம் தள்ளுபடி! சனம் அந்த 25-ஐப் பார்க்கிறது, "சேதாரத்தில்" என்ற சொல்லைத் தாண்டி ஓடுகிறது. இதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் என்ன? தங்கம் 100, சேதாரம் 16, ஆக 116. தள்ளுபடி 16-இல் கால் பங்கு, அதாவது 4. 116-இல் 4 என்றால் எத்தனை சதவீதம், இரண்டு தசம இடத் திருத்தமாகச் சொல்லுக. என் மகள் போட்டாள்: 3.45. இருபத்தைந்து என்று வாசலில் எழுதி மூன்றரைகூட முழுசாகத் தராத கணக்கை எந்தப் பாடநூலும் கேட்கவில்லை. கேட்டால் ஊருக்கு நாலு விளம்பரப் பலகை குறையும்.

கத்தரித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு கதை உண்டு. வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டெண்ணை 1000 என்று ஆரம்பித்தது. ஒவ்வொரு விற்பனைக்கும் கணினி புது எண்ணைக் கணக்கிட்டு, மூன்றாம் தசமத்துக்குப் பின்னால் இருப்பதை முழுதாக்காமல் வெட்டிப் போட்டது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான வெட்டு. 22 மாதத்தில் குறியீடு 524.811-க்கு வந்து நின்றது. சந்தையோ நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. 1983 நவம்பரில் திருத்திப் போட்டுப் பார்த்தால் 1098.892. பாதிக்கு மேல் தசம வாலிலேயே போயிருந்தது. அங்கே அது பிசகு; கண்டுபிடித்ததும் வெட்கப்பட்டுத் திருத்தினார்கள். நம் ஊரில் வெட்டு விழுகிற இடம் வெட்டுகிறவருக்கு நன்றாகத் தெரியும், ஆகவே திருத்த எதுவும் இல்லை.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். சட்டம் எழுதியவர்கள் ஏழாம் வகுப்புப் பாஸ் செய்திருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 288ஏ பிரிவு சொன்னது: கடைசி இலக்கம் 5 அல்லது அதற்குமேல் என்றால் அடுத்த பத்துக்கு ஏற்று, இல்லையென்றால் இறக்கு. ஜிஎஸ்டி சட்டம் 170-ஆம் பிரிவு: ஐம்பது காசும் அதற்குமேலும் ஒரு ரூபாய், அதற்குக் கீழே இருப்பதை விட்டுவிடு. அழகான, இருபக்கமும் ஒரே மாதிரி சாய்கிற விதி. என் மகளின் நோட்டில் ஒட்டி வைக்கலாம்.

ஆனால் சட்டம் கல்லாப்பெட்டியில் உட்காருவதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சி 47 ரூபாய் 20 காசை 48 ஆக்குவார், 47 ரூபாய் 80 காசையும் 48 ஆக்குவார். 50 ரூபாய் கொடுத்தால் மீதி இரண்டு ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று இரண்டு மிட்டாய் தருவார். அடுத்த நாள் அதே மிட்டாயைத் திருப்பிக் கொடுத்து உப்பு வாங்கப் பாருங்கள், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பேருந்தில் நடத்துநர் டிக்கெட்டின் முதுகில் பாக்கியை எழுதித் தருவார். இறங்கும்போது கேட்கலாம் என்று அந்தத் துண்டுச்சீட்டை உள்ளங்கையில் வியர்க்க வியர்க்கப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் பிதுங்கி இறங்கி, வண்டி போன பிறகு அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் இல்லாத தமிழன் உண்டா? ஐம்பது காசு நாணயம் இன்றைக்கும் செல்லும். 2011 ஜூன் 30-இல் செல்லாமல் போனது இருபத்தைந்து காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான். சந்தேகமிருந்தால் ஒரு ஐம்பது காசை டீக்கடையில் நீட்டிப் பாருங்கள். மாஸ்டர் உங்கள் முகத்தை ஒருமுறை முழுதாக்குவார்.

இத்தனைக்கும் நாம் பின்னத்துக்குப் பேர் வைத்த பரம்பரை. எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அந்த முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பிளந்து கீழ்முந்திரி என்றார்கள். லட்சத்து இரண்டாயிரத்து நானூறில் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் ராகம் போட்டு மனப்பாடம் செய்தார்கள். நெல் அளக்கிற களத்தில் அந்தக் காலத்திலும் முந்திரி யார் பக்கம் விழுந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. குத்தகைக்காரன் வீட்டுப் பிள்ளைக்குத் திண்ணையில் இடமே இல்லை. அப்புறம் எங்கே கணக்குக் கேட்பது?

பள்ளிக்கூடத்துக்கே திரும்புவோம். ஜூன் மாதம் ஊர் முழுக்கப் பதாகை: 100 சதவீதத் தேர்ச்சி, கணிதத்தில் இத்தனை பேர் சென்டம். சதவீதக் கணக்கில் தொகுதி என்று ஒன்று, பகுதி என்று ஒன்று. தொகுதியை ஏற்றக் கஷ்டப்பட்டுப் பாடம் நடத்த வேண்டும். பகுதியை இறக்க டி.சி. போதும். ஒன்பதாம் வகுப்பிலேயே, "இவனுக்கு வேற ஸ்கூல் பாத்துக்கங்க, இங்க கஷ்டப்படுவான்" என்று பெற்றோரைக் கூப்பிட்டு அன்பாகச் சொன்னால் முடிந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் தேறினால் 80 சதவீதம். தேறாத இரண்டு பேரை முன்கூட்டியே வெளியே அனுப்பினால் எட்டுக்கு எட்டு, சென்டம். அந்த இரண்டு பிள்ளைகளும் தேர்வில் தோற்கவில்லை, பகுதியிலிருந்து உதிர்ந்தார்கள். பதாகையில் அவர்கள் படம் வராது. இந்த வித்தையைச் செய்கிற பள்ளிகள்தாம் மூன்றாம் தசமத்துக்கு அரை மதிப்பெண் குறைக்கின்றன.

தேறினவர்கள் கதை என்ன? பொறியியல் கலந்தாய்வில் 200-க்குக் கட் ஆஃப். அரை மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கில் ரேங்க் சரியும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே பயமுறுத்தி, டியூஷன் வைத்து, தூக்கத்தைக் கெடுத்து வளர்க்கிறோம். கடைசியில் இரண்டு பேர் எல்லாவற்றிலும் சமமாக நின்றால், பிறந்த தேதியையும் பார்த்த பிறகு, கணினி குலுக்கிப் போட்ட ரேண்டம் எண்தான் தீர்ப்பு. பன்னிரண்டு வருஷத் தசமப் பயிற்சி குலுக்கல் சீட்டில் முடிகிறது. அப்படிச் சேர்ந்த கல்லூரியில் 75 சதவீத வருகை வேண்டும். 74.8 வைத்திருக்கிறவன் முழுதாக்கல் விதியைச் சொல்லிப் பார்க்கட்டும். துறைத் தலைவர் சிரிக்கக்கூட மாட்டார்.

இதெல்லாம் வயிறு நிறைந்தவர்களின் புலம்பல். எங்கள் தெருமுனையில் ஓர் இட்லிக்கடை அக்கா இருக்கிறார். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு பைக் வந்து நிற்கும். இறங்கமாட்டார்கள், என்ஜினை அணைக்கமாட்டார்கள். அக்கா சட்டினி வாளியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்து, நூறு ரூபாயையும் ஓர் அட்டையையும் நீட்டுவார். அட்டையில் ஒரு கட்டத்தில் கிறுக்கிவிட்டு வண்டி போய்விடும். தண்டல். பத்தாயிரம் கடன் என்று பேர், கையில் கொடுத்தது 8,500. ஆயிரத்து ஐந்நூறை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். தினம் நூறாக நூறு நாள் கட்ட வேண்டும்.

இம்போசிஷன் எழுதி முடித்திருந்த மகளிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தேன்.

"பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. 15 சதவீதம்பா" என்றாள்.

பத்தாயிரத்தை அக்கா கண்ணால்கூடப் பார்க்கவில்லையே, கையில் வந்தது எவ்வளவு? யோசித்து, 1,500-ஐ 8,500-ஆல் வகுத்து, இந்த முறை ஒழுங்காக முழுதாக்கி, 17.65 என்றாள். அது நூறு நாளுக்கு. ஆண்டுக்கு? பெருக்கினாள்: 64 சொச்சம். முகம் மாறியது. "வங்கியில இவ்வளவு இல்லையேப்பா."

இன்னும் முடியவில்லை. அந்த 8,500 நூறு நாளும் அக்காவிடம் இருக்கிறதா? முதல் சாயங்காலமே திருப்பித் தர ஆரம்பித்துவிடுகிறார். ஐம்பதாம் நாள் பாதிப் பணம் போயாயிற்று. இல்லாத பணத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நகைக்கடைச் சேதாரத்துக்குத் தம்பி முறை. நாள்வாரியாகக் கணினியில் போட்டுப் பார்த்தோம். ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஊர்ப்பேச்சில் "பத்து வட்டி" என்பார்களே, நூற்றுக்கு மாதம் பத்து, அதேதான். 15 என்று சொல்லித் தருகிறார்கள், 120 என்று வாங்குகிறார்கள்.

ஏழாம் வகுப்பில் சதவீதமும் உண்டு, தனிவட்டியும் உண்டு. அசலைக் காலத்தாலும் வட்டிவீதத்தாலும் பெருக்கி நூறால் வகு. எப்போதும் யாரோ ஒரு யோக்கியர் வங்கியில் ஐயாயிரம் போடுகிறார், மூன்று வருஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், வட்டி எவ்வளவு என்று நம்மைக் கேட்கிறார். அந்தப் புத்தகத்தில் பைக்கில் யாரும் வருவதில்லை. முதலிலேயே யாரும் பிடித்துக்கொள்வதில்லை. நம் மாநிலத்தில் 2003-இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. மீட்டர் வட்டி, தண்டல் என்று பேர் சொல்லியே தடுக்கிறது. சட்டப் புத்தகத்தில் இடம் பிடித்த தண்டல் கணக்குப் புத்தகத்தில் இன்னும் ஏறவில்லை. அந்தத் தெருவிலிருந்துதான் அரசுப் பள்ளிக்கு நாற்பது பிள்ளைகள் போகிறார்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டிய ஒரே சதவீதத்தை விட்டுவிட்டு, 22/24-ஐ மூன்று இடத் திருத்தமாகக் கேட்கிறோம்.

நான் ஏதோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவர் இட்லித் துணியைப் பிரித்துக்கொண்டே கேட்டார். "தெரியும் தம்பி. நீ சதவீதம்கிற, நான் வவுத்தெரிச்சல்ங்கிறேன். விடியக்காலம் நாலு மணிக்கு அரிசிக்கும் கேஸுக்கும் காசு வேணும்னா எந்த பேங்க்காரன் கதவத் தொறப்பான்? சொல்லு, நாளைலேர்ந்து அங்க போறேன்." என்னிடம் பதில் இல்லை. இரண்டு இட்லி கூடுதலாகக் கட்டச் சொன்னேன். அது எந்த இடத்துக்கும் திருத்தமில்லாத விடை.

டீச்சரையும் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் பார்த்தேன். மேசையில் நோட்டு மலை. இளம்பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். 916 விஷயத்தைச் சொன்னதும் ஒரு கணம் சிரித்துவிட்டு, சட்டென்று தன் கழுத்தில் கிடந்த சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். "சார், கீ ஆன்ஸர்ல 0.917-னுதான் இருக்கு. நான் மாத்திப் போட்டா என்னைக் கேப்பாங்க" என்றார். தனியார் பள்ளி ஆசிரியர்களில் பலர் சம்பளப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற தொகை ஒன்று, கையில் வாங்குகிற தொகை இன்னொன்று. அவர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் விடை தசமத்தில் வந்திருக்காது.

கிளம்பும்போது நோட்டுக்குள் ஒரு சுற்றறிக்கை இருந்தது. வரும் ஆண்டுக் கட்டணம் பத்து சதவீதம் உயர்வு, பெற்றோரின் வசதிக்காகத் தொகை முழுதாக்கப்பட்டுள்ளது, 48,500 ரூபாய்.

வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடியே மகள் கணக்குப் போட்டாள். போன வருஷம் 43,750. பத்து சதவீதம் 4,375. ஆக 48,125. "நூறுக்கு முழுதாக்கினா 48,100தானேப்பா வரணும்? ஐந்நூறுக்கு முழுதாக்கினாக்கூட 48,000தான்." கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடியும்: "இது பத்து இல்லப்பா. 10.86 சதவீதம்."

வண்டியைத் திருப்பினேன். அவள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை வாங்கி, 48,500-ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "முழுதாக்கத் தெரியவில்லை" என்று எழுதி, அலுவலக ஜன்னலில் நீட்டினேன். உள்ளே இருந்தவர் வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சிஸ்டம் அப்படித்தான் சார் எடுக்குது" என்றார். "கேஷா, கார்டா?"

பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கார்டைத் தேய்த்தேன். ரசீது வந்தது. 48,500.00 என்று இரண்டு தசம இடத் திருத்தமாக அச்சாகியிருந்தது.